பதினேழு அங்குலத்தில் தெரிந்த கால்

எங்கள் வீட்டுக் கட்டிலின்மேல் பத்து நாட்களுக்கு இரண்டு லேப்டாப்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று பன்னிரண்டு அங்குலம், இன்னொன்று பதினேழு. முதல் நாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த என் வீட்டுக்காரர் அவற்றைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு சொம்பு, ஒண்ணு அண்டா. எத்த வெச்சி குளிக்கப் போற?" என்று கேட்டார்.

"குளிக்க ரெண்டும் வேணுமே" என்றேன்.

"ரெண்டு வாங்க நாம இன்னா லேப்டாப் கடையா வெச்சிக்கினு கீறோம்?"

அவர் சொன்னது வாஸ்தவம். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மற்றொன்றைத் திருப்பதிக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பத்தாவது வரை தெலுங்கு மீடியத்தில் படித்தவள் நான். தமிழை வீட்டுப் பேச்சிலிருந்தும், மளிகைக்கடையில் பொட்டலம் கட்டிக்கொடுத்த பழைய வாரப் பத்திரிகைகளிலிருந்தும் எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரை யாரும் சொல்லித் தரவில்லை. திருப்பதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்லாவில் உட்காரப் போனவள், பக்கத்து மேசையில் ஆல்பம் டிசைன் செய்த பையன் பெங்களூர் போய்விட்டதால், அவன் விட்டுப்போன நாற்காலிக்கு நகர்ந்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்தேன். தப்பாக அழுத்தியதில்தான் நிறையத் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு முதலாளியும் மகள் வீட்டோடு இருக்கப் பெங்களூர் கிளம்பினார். போகும்போது, "கல்யாண ஆர்டரெல்லாம் உன் பக்கம் அனுப்பறேன்மா, வீட்டுலயே செய். ஆனா மெஷின் உன்னோடதா இருக்கணும்" என்றார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் ஒரு கடை. பெங்களூர் கம்பெனிகள் மூன்று வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துப்போடும் லேப்டாப்கள் அங்கே மூட்டை மூட்டையாய் வந்து இறங்கும். மூடியைத் திருப்பினால் இன்னும் கம்பெனி ஸ்டிக்கர் உரிக்காமல் இருக்கும். யாரோ ஒருவர் எந்தெந்த ஊர்க் கணக்கையெல்லாமோ பார்த்துத் தேய்த்த எழுத்துக்கட்டைகள். சிலதில் எழுத்தே இருக்காது. ஸ்டூடியோவுக்கு நான் சி.டி. வாங்கப்போகும் காலத்திலிருந்து அந்தக் கடைக்காரருக்கு என்னைத் தெரியும். தெலுங்குக்காரர். எனக்காகத் தமிழில் தொடங்கி, பாதியில் தன் வீட்டுப் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்.

"அக்கா, சின்னது கைக்கு ஈஸி. பெரிசு கண்ணுக்கு ஈஸி. நேனேமி செப்பேது? பத்து நாளு ரெண்டும் எட்துனு போ. ஏதி நச்சிந்தோ அதி உஞ்சுக்கோ. மிச்சத்த தெச்சி இச்செய்" என்றார். பிடித்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொண்டுவந்து கொடு என்கிறார். இரண்டு பையையும் தூக்கி என் தோளில் மாட்டி, என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, "தூக்கமுடியுதா?" என்றும் கேட்டார். சின்னது தோளில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியது, தான் இருப்பதை அடிக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே வந்தது.

அந்தப் பத்து நாட்களில் கையில் இருந்தது எனக்கென்று வந்த முதல் ஆர்டர். நாகலாபுரம் தாண்டி உள்ளே ஒரு கிராமம். பெண்ணைப் பலமனேரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பதினோரு வருஷமாகக் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். கல்யாணத்துக்கு வருவதாக டிக்கெட் வரைக்கும் போட்டிருந்தார். கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க முடியாது. பெண்ணின் சித்தப்பாவும் சித்தியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் யாராவது வெளியே இருப்பார்கள். குவைத், பெங்களூர், மெட்ராஸ். அதனால் பந்தலுக்கு வராதவரைப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவது எங்கள் தொழிலில் பாதி. அதற்கு 'ஆள் வைக்கிறது' என்று பெயர். எங்கோ எடுத்த போட்டோவிலிருந்து ஆளை வெட்டி, குடும்பத்தோடு மேடையில் ஒட்டி, வெளிச்சத்தைச் சமன் செய்து, அவர் நிழலையும் கூட வைத்துவிட்டால் ஆள் வந்த மாதிரிதான்.

பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அதைத்தான். "வர மாசம் ஆல்பம் பலமனேருக்குப் போவணும். அந்த வூட்டு ஜனம் பிரிச்சிப் பாக்கும். அப்பன் இல்லாத கல்யாணம்னு என் பொண்ண ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லக்கூடாது. அவரு நிக்கணும்."

"ரிசப்ஷன் போட்டோவுல வெச்சா சுலபம்கா. நின்னுக்கினு இருக்கற கும்பல் அது."

"ரிசப்ஷன்ல நிக்கறவரு விருந்தாளி" என்றார் அந்த அம்மா. "முகூர்த்தத்துல நிக்கறவருதான் அப்பா."

இந்த மாதிரி ஒரு பேச்சைக் கேட்டுவிட்டால் எனக்கு அன்றைக்கு முழுக்க அதே ஞாபகமாக இருக்கும். எங்கேயும் படித்துவிட்டுச் சொல்வதில்லை. புளி உடைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆக, தாலி கட்டி முடித்ததும் மேடையில் எல்லோரும் வரிசையாக நின்ற படத்தை எடுத்துக்கொண்டேன். குவைத்திலிருந்து வந்த போட்டோவும் இருந்தது. கல்யாணத்தன்றே, இங்கே மேளம் கொட்டும் நேரம் பார்த்து, அவர் அங்கே குளித்து, பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் உடுத்தி, நெற்றியில் விபூதி வைத்து, லாரிக்கு முன்னால் நின்று அறைக்கூட்டாளியை எடுக்கச் சொல்லியிருக்கிறார். தலைமுதல் கால்வரை முழுப் படம். ஆள் வைக்கிற வேலையில் இப்படி ஒரு படம் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் ரேஷன் கார்டு போட்டோவைக் கொடுத்து, "இதுல ஒடம்ப சேத்துக்கோ" என்பார்கள்.

சின்ன லேப்டாப்பில்தான் அந்த வேலையைச் செய்தேன். புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பாசஞ்சரில் மடியில் வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து பாதி முடித்தேன். எதிர் சீட்டுக்காரர் கூடை நிறைய மல்லிகையை வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து பார்த்தார். "போட்டோவுல ஆள வெட்றியாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "வலிக்காம வெட்டு" என்றார்.

சின்னத் திரைக்கு ஒரு குணம் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதில் முழுப் படத்தையும் பார்த்தால் ஆட்கள் எறும்பு மாதிரி இருப்பார்கள். அதனால் பெரிதாக்கித்தான் வேலை செய்ய வேண்டும். பெரிதாக்கினால் முகம் மட்டும் தெரியும். முகத்தில் குவைத் வெயில். மேடையிலோ மஞ்சள் விளக்கு. ஒரு நாள் முழுக்க அந்த வெயிலை இறக்கி, கன்னத்தில் விளக்கு வெளிச்சத்தை ஏற்றினேன். காதோரத்து முடியை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முகத்திலிருந்து தோள், தோளிலிருந்து கைவரைக்கும் வந்தேன். வேட்டி வெள்ளை, சுலபம். கீழே வந்தபோது ஊர் நெருங்கிவிட்ட மாதிரி ஓர் அலுப்பு; சட்டென்று வெட்டி இறக்கிவிட்டேன். படத்தின் அடியில் கறுப்புக் கம்பளம் வேறு.

முதல் தடவை காட்டப் போனதும் சின்னதோடுதான். அந்த அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மடியில் வாங்கினார். கைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தார். விரலால் கண்ணாடிமேல் புருஷன் கன்னத்தைத் தொட்டார். எழுந்து லேப்டாப்போடு சமையலறைக்குள் போய்விட்டார்.

நான் காத்துக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தால், அரிசி மூட்டைமேல் அதை நிறுத்திவைத்து, அதைப் பார்த்தபடியே புளி கரைத்துக்கொண்டிருந்தார். "நல்லா கீறாருல்ல?" என்றார் என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "எளச்சிட்டாரு கொஞ்சம்."

சின்னதைத்தான் வாங்குவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். சமையலறைக்குள் தூக்கிக்கொண்டு போக முடிகிற ஒன்று போதாதா?

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகப் புத்தி. பத்து நாள் கொடுத்திருக்கிறார், பெரியதையும் ஒரு தடவை ஜனங்கள் மத்தியில் திறந்து பார்க்காமல் திருப்பிக் கொடுப்பது சரியல்ல என்று பட்டது. ஆல்பத்தின் ஷீட்டெல்லாம் முடித்து அச்சுப் போடும் லேபுக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள், கடைசி ஒப்புதலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சீட்டில் என் பக்கத்தில் அது ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்தது. "ஏம்மா, தானிக்கி டிக்கெட் ஏது?" என்றார் கண்டக்டர் அதைக் காட்டி.

பகல் சாப்பாடு முடிந்த நேரம். நடுக்கூடத்தில் ஸ்டூல் போட்டுத் திறந்து வைத்தேன். சின்னதில் பார்த்தபோது இருந்த அமைதி இங்கே இல்லை. நாலு பேர் எட்டு விரல்களை நீட்டினார்கள்.

"இதுல நான் ஏன் வாயத் தொறந்துக்கினு கீறேன்?" என்றார் சித்தப்பா.

"நீ எப்ப மூடிக்கினு இருந்தே?" என்றார் சித்தி.

"துன்னுக்கினு இருக்கறப்ப எட்த்தா அப்பிடித்தான் வரும். இத்த எட்த்துடு பாப்பா" என்று என் பக்கம் திரும்பினார் சித்தப்பா.

சின்னத் திரை ஒரு ஆளுக்கு. பெரிய திரை ஒரு வீட்டுக்கு. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் ஒவ்வொரு ஷீட்டாகத் தள்ளிக்கொண்டே வந்து, முகூர்த்தப் படத்தைத் திறந்தேன். கூடமே "ஹா" என்றது. சித்தப்பா அண்ணனைப் பார்த்துக் கும்பிடவே கும்பிட்டார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "என் தம்பி ஷூ போட்டுக்கினு கீறான்."

பேசியது பெண்ணின் அத்தை. பெண்ணின் அப்பாவுக்கு அக்கா. புருஷன் செத்தபிறகு பல வருஷமாய்த் தம்பி வீட்டில்தான் இருக்கிறார். கிட்டே வராமல், பத்தடி தள்ளிச் சுவரோரம் காலை நீட்டி வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நானும் வந்துபோன பழக்கத்தில் அவரை அத்தை என்றே கூப்பிடுவேன்.

எல்லோரும் கீழே பார்த்தோம். வேட்டிக் கரைக்கு அடியில், கனமான கறுப்பு கம்பெனி ஷூ. இரண்டு. வரிசையாக நின்ற பதினாறு பேரின் வெறுங்கால்களுக்கு நடுவில், தாலி கட்டிய மேடையில்.

மணல் சுட்டிருக்கும். வேட்டி கட்டி, விபூதி பூசி, எல்லாம் யோசித்த மனுஷன், அந்த வெயிலில் லாரி முன்னால் நிற்க ஷூவைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு அங்குலத்தில் முகத்தையே நாள் முழுக்கப் பார்த்த எனக்குத்தான் அது தெரியாமல் போனது. கறுப்புக் கம்பளத்தில் கறுப்பு ஷூ. முகத்தை மட்டும் பார்த்த அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். "இத்தயா அனுப்ப இருந்தேன் பலமனேருக்கு! வரலன்னாகூட ஒரு பேச்சோட போயிருக்கும். செருப்புக் காலோட மணமேடை ஏறினாரு பொண்ணோட அப்பன்னு காலம் பூரா சொல்லிக்காட்டுவாங்களே."

"இடுப்போட வெட்டிடு பாப்பா" என்றார் சித்தப்பா.

"எல்லாரும் முழுசா நிக்கறப்ப அவரு மட்டும் பாதியாவா?" என்றார் அந்த அம்மா.

நான் வேறு படத்திலிருந்து ஒரு குத்துவிளக்கை எடுத்து அவர் கால்களுக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். மறைந்தது.

அத்தை கடலைத் தோலை ஊதினார். "இவன் ஏன் வெளக்குக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு கீறான்? போலீசு தேடுதா?"

விளக்கை எடுத்துவிட்டேன். இனி ஒரே வழிதான். வேறொருவர் கால்களைப் படம் எடுத்து அவருக்கு வைக்க வேண்டும். நான் இதற்கு முன்னால் தலை வைத்திருக்கிறேன், கை வைத்திருக்கிறேன், ஒரு முறை ஒரு மீசைகூட வைத்தேன். கால் வைத்ததில்லை. எப்படி வரும் என்று பார்க்கிற ஆசையும் எனக்குள் கொஞ்சம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சித்தப்பாவை வாசலில் பலகைமேல் நிறுத்தி எடுத்தேன். ஒட்டிப் பார்த்தால் அகலம் தாங்கவில்லை. மெல்லிசான மனுஷன் யானைக்கால்மேல் நின்றார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். "நம்ம காலு சினிமாவுல வருதாம்" என்று அவர் பம்புசெட்டில் கழுவிக்கொண்டு வந்தார். அளவு சரியாக இருந்தது. எனக்குத் திருப்தி.

"அது யாரு காலோ" என்றார் அத்தை.

"காலுதான அண்ணி" என்றார் அந்த அம்மா அலுப்போடு. "யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே. என் தம்பிக்கு ரெண்டாவது வெரலு பெருவெரல தாண்டி நிக்கும்."

"எனக்குத் தெரியாதா அவரு காலு?"

"பதினோரு வருசத்துல எத்தினி மாசம் பாத்த நீ அந்தக் கால?"

சொல்லியிருக்கக்கூடாது என்று நினைத்த மாதிரி அத்தை ஒரு கடலையை உடைக்காமலே கையில் உருட்டிக்கொண்டிருந்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கடலைத் தோலுக்கு நடுவில் நீட்டியிருந்த அத்தையின் கால். நீளமான, மெல்லிய கால். இரண்டாவது விரல் பெருவிரலைத் தாண்டி நின்றது. மெட்டி இல்லை.

"அத்தை, உங்க காலு..." என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அந்தக் கல்யாணத்தில் எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்களையும் நான் பார்த்திருந்தேன். அத்தை இரண்டே இரண்டில் இருந்தார். ஒன்றில் சமையல் பந்தலில் முதுகு காட்டியபடி. இன்னொன்றில் பந்திக் கடைசியில் ஓரத்தில், பாதி முகம். மேடைப் படம் ஒன்றில்கூட இல்லை. புருஷன் இல்லாதவர் முகூர்த்த நேரத்தில் மேடைப் பக்கம் வரமாட்டார் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிவைக்காத வழக்கம். குவைத்தில் இருப்பவரை வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். இருபதடி தள்ளி இருந்தவரை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்கும் அதுவரை தோன்றவில்லை.

அத்தை காலை இழுத்துப் புடவைக்குள் மூடிக்கொண்டார். "வேணாம்மா. ஊரு பேசும்."

"முகூர்த்தப் போட்டோவுல..." என்று தொடங்கிய சித்தப்பா முடிக்கவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "பெரிசு பண்ணிப் பாத்தா பொம்பள காலுன்னு தெரியுமா?"

"தெரியலக்கா. வெச்சிப் பாத்தாதான் சொல்ல முடியும்." உள்ளதைச் சொன்னேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். போனவர் சொம்பில் தண்ணீரோடு வந்தார். அத்தைக்கு முன்னால் உட்கார்ந்து, புடவையை விலக்கி, காலில் தண்ணீர் ஊற்றிக் கடலை மண்ணைக் கழுவினார். "தூசோட எட்த்தா மேடைக்கு ஆவாது" என்று மட்டும் சொன்னார். அத்தை சுவரைப் பார்த்தபடி இருந்தார். கழுவி முடித்து அந்த அம்மா முந்தானையாலேயே துடைத்துவிட்டபோது, "கூச்சமா கீது விடு" என்றார்.

அத்தை பலகைமேல் நின்றார். எடுத்தேன்.

பதினேழு அங்குலத்தில் அந்தக் கால்களைத் திறந்தபோது நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். வெயிலில் வேலை செய்து காய்த்த கால். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. கொஞ்சம் நிறத்தை இறக்கினேன். வேட்டிக் கரையைக் கணுக்கால் மறைய இழுத்துவிட்டேன். கம்பளத்தில் பாதம் பதிகிற இடத்தில் ஒரு மெல்லிய நிழல். தானாகப் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வெட்டி ஒட்டுகிற வேலையில் இப்படி ஒரு பொருத்தம் எனக்கு அதற்குப் பிறகு அமைந்ததே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் எலும்பு அது. நான் செய்தது குறைவு.

இடது பாதத்தின்மேல் நீளமாய் ஒரு தழும்பு. அழிக்க எடுத்தேன்.

"அத்த அழிக்காதே" என்றார் அத்தை. எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது, என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "சின்னதுல கரும்புத் தோட்டத்துல அருவாள என் கால்மேல போட்டுட்டான். அவன் போட்ட தழும்பு. அவன் கால்லயே கெடக்கட்டும்."

தழும்பை விட்டுவிட்டேன்.

அத்தை திரைக்கு மிகக் கிட்டே வந்து பார்த்தார். "மேடைக்கு வரக்கூடாதவ நானு" என்றார். "பாரு. ஏறி நிக்கறேன்."

அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நடுவில் கொஞ்சம் வேறு மாதிரியும் ஆனது.

ஆல்பம் பலமனேர் போனது. சம்பந்தி வீட்டில் எல்லோரும் பார்த்தார்களாம். "மாமா எப்ப வந்துட்டுப் போனாரு?" என்று மாப்பிள்ளையின் தங்கை கேட்டாளாம். அதற்குமேல் ஒரு பேச்சும் வரவில்லை.

ஆல்பம் போவதற்கு முன்னமே, பத்தாவது நாள் சின்னதைத் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெண்கள் எல்லோரும் சின்னதைத்தானே எடுத்துப்போவார்கள் என்று கடைக்காரருக்கு ஆச்சரியம். "அரே, ஆடவாள்ளு அந்தா சின்னதே எட்துனு போதாரு. நீக்கு ஏமாயிந்தி?"

நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு முழுக்கக் கேட்டார். கடைசியில், "அப்போ சின்னது மோசம்னு சொல்றியா?" என்றார். அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த அம்மா புளி கரைத்தபடி பார்த்ததை நான் பார்த்தேனே. அந்த வேலையைப் பெரியது செய்யாது. அரிசி மூட்டைமேல் நிற்கவும் நிற்காது. "முகத்துக்கு அது போதும்ணா. எனக்கு கால் வரைக்கும் வேலை இருக்குது" என்றேன். திரும்பி வரும்போது ரயிலில் என் மடி காலியாக இருந்தது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

மறு வருஷம் குவைத்துக்காரர் லீவில் வந்தார். வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லிப் போன் செய்தார்கள். பெண்ணுக்கு வளைகாப்பு, அதற்கும் ஆல்பம் செய்ய வேண்டும் என்பதால் பதினேழு அங்குல அண்டாவையும் தூக்கிக்கொண்டு போனேன். மனுஷன் நான் போட்டோவில் பார்த்ததைவிட உயரம். கூடத்தில் பாய் போட்டு ஆல்பத்தை மடியில் பிரித்து வைத்திருந்தார். முகூர்த்தப் படத்துக்கு வந்ததும் நின்றார். முதலில் மகளைப் பார்த்தார். அப்புறம் தன்னைப் பார்த்தார். விரல் கீழே கீழே இறங்கியது.

தன் காலை நீட்டி வைத்துப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அந்த அம்மா அடுப்பங்கரை வாசலில் கரண்டியோடு நின்றார்.

"இந்தத் தழும்பு..." என்றார். பிறகு சுவரோரம் திரும்பி, "யக்கா. நீ எப்ப மேடை ஏறினே?" என்று கேட்டார்.

"நீ வராத அன்னிக்கி" என்றார் அத்தை.

குவைத்துக்காரர் ஆல்பத்தை மூடாமல் பாயில் வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்தார்.

"பாப்பா, கால வெச்சிட்டே இல்ல? மீதி ஆளயும் வெக்க முடியுமா? எம் பக்கத்துல. வேற ஒண்ணு அச்சுப் போட்டுக்கலாம்."

"நானே கேக்கணும்னு இருந்தேன்" என்றார் அந்த அம்மா வாசலிலிருந்து.

நான் ஸ்டூல் போட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அத்தையை வெளிச்சத்துக்கு வரச்சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. கடலையை முறத்தில் தள்ளிவிட்டு, தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் கால இவனுக்குக் குடுத்துட்டீங்க. நான் எத்த ஊணிக்கினு நிக்கறது?"